துரத்தியதற்கு ஆதாரம் இல்லை

ஜன்னலைக் கொஞ்சம் இழுத்து விடலாமா சார்? பாதி போதும். மலைக்காத்து தொண்டைக்குள்ள இறங்கிச்சுன்னா மூணு நாளைக்கு எனக்குப் பேச்சு வராது. பேச்சு வரலைன்னா எனக்குப் பொழப்பே இல்ல. ஆங், சரி. இந்த பஸ்ல கோத்தகிரி வரைக்குமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு.

என் குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இல்ல உங்களுக்கு? இல்லையா? நல்லா யோசிங்க. "கரையோரம் ஒரு அசைவு. முதலை காத்திருக்கிறது." இப்போ? இப்பவும் இல்லையா? உங்க வீட்ல டிவி இருக்கில்ல? சரி, விடுங்க. வெளிநாட்டுக்காரன் எடுக்கிற காட்டு விலங்குப் படமெல்லாம் தமிழ்ல வருதே, பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் பேசுமே, அது நான்தான். ஸ்தேவான் பொன்னையா. இருபத்தெட்டு வருஷமா சிங்கம் மானை அடிக்கிற சேதியைத் தமிழ்நாட்டுக்குச் சொல்றது நான்தான்.

என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்துட்டா சார். கூட்டிட்டு வரத்தான் போறேன். அறுபது வயசு அவளுக்கு. இந்த வயசுல பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா. எதுக்குக் கோவம்னு கேட்டா எனக்கே தெரியாது. நீங்க வெளி ஆளு, படிச்சவர் மாதிரி தெரியுது. நடந்ததை அப்படியே சொல்றேன், யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு படம். சினிமா இல்ல, ஆவணப் படம். யூதர்களைப் பத்தினது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரிக்காரன் எருசலேமுக்குள்ள புகுந்து தேவாலயத்தை இடிச்சான்ல? அது எல்லாருக்கும் தெரிஞ்சது. இடிச்சிட்டு, அந்த ஜனங்க மொத்தப் பேரையும் நாட்டை விட்டே துரத்திட்டான், அப்படித்தான் அவங்க உலகம் பூராவும் சிதறிப் போனாங்க, இப்படித்தானே நாம எல்லாரும் கேள்விப்பட்டிருக்கோம்? இந்தப் படம் என்ன கேக்குதுன்னா, இடிச்சது சரி, மொத்தமாத் துரத்தினதுக்கு ஆதாரம் எங்கேன்னு கேக்குது. பாதிப் பேர் அதுக்கு முன்னாடியே வியாபாரம் அது இதுன்னு வெளியூர் போயிட்டாங்களாம். மீதிப் பேர்ல நிறையப் பேர் எங்கேயும் போகவே இல்லையாம். இப்படி ஒரு பேராசிரியர் பேசறார். இல்லவே இல்லைன்னு இன்னொருத்தர் சண்டைக்கு வர்றார். ரெண்டு பேருக்கும் குரல் நான்தான்.

இதெல்லாம் எனக்கு அப்புறமா மத்தவங்க சொல்லித்தான் தெரியும். டப்பிங் பேசறப்போ அர்த்தத்தையா பார்த்துட்டிருக்க முடியும்? திரையில அந்த ஆள் வாயைத் திறக்கிறப்போ நான் திறக்கணும், அவர் மூடறப்போ நான் மூடணும், அவ்வளவுதான். ஸ்டுடியோவுல டப்பிங்கைப் பார்த்துக்கிற பொண்ணு கேட்டுது. "சார், இதைப் படிச்சுப் பார்த்தீங்களா? நீங்க சர்ச்சுக்கெல்லாம் போறவராச்சே, பிரச்சனை ஒண்ணும் வராதே?" நான் சொன்னேன், "பிரச்சனை இருக்கும்மா. 'துரத்தப்படவில்லை' ரொம்ப நீளம். அந்தாளு வாயை மூடினப்புறமும் எனக்கு ரெண்டு எழுத்து மிச்சம் நிக்குது. 'துரத்தவில்லை'ன்னு மாத்திக்கலாமா?" மாத்திக்கிட்டோம். கச்சிதமா உக்காந்துச்சு. ஒரே நாள்ல முடிச்சுக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து குளிச்சிட்டுத் தூங்கிட்டேன்.

எங்க சபையில முப்பது வருஷமா ஆராதனையில பைபிள்லேருந்து வேதபாடம் வாசிக்கிறதும் நான்தான் சார். சென்னையில, புறநகர்ப் பக்கம். பழைய கோயில். பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனைக்கு என் வாசிப்பைக் கேக்கணும்னே வேற சபையிலேருந்து ஆள் வரும். நான் பெருமைக்குச் சொல்லல. நான் வாசிச்சு முடிச்சா ஆயர் ரெண்டு நிமிஷம் பிரசங்கத்தை ஆரம்பிக்க மாட்டார். கண்ணைத் துடைச்சுட்டிருப்பார். டைட்டஸ்னு ஒருத்தன் இருக்கான், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நான் ஊர்ல இல்லாத ஞாயித்துக்கிழமை அவன் வாசிப்பான். பாலிசி விதிமுறையை வாசிக்கிற மாதிரியே இருக்கும். எருசலேம் ஆலயத்தை இடிச்ச ரோமத் தளபதி பேரும் டைட்டஸ்தான், தெரியுமா? அதுவும் எனக்கு இந்தப் படத்துல வாசிச்சுத்தான் தெரியும்.

படம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துச்சு. ஆராதனை முடிஞ்சு, கறிக்குழம்பு சாப்பிட்டு, சபையே பாயை விரிச்சுப் படுத்திருக்கிற நேரம். யாரோ டிவியைப் போட்டிருக்காங்க. காலையில பத்து மணிக்குக் கோயில்ல கேட்ட அதே குரல் ரெண்டு மணிக்கு டிவியில, "துரத்தியதற்கு ஆதாரம் இல்லை"ங்குது. அவ்வளவுதான், எழுந்து உக்காந்துட்டாங்க.

முதல் போன் ஞானாபரணம் அண்ணாச்சிகிட்டேருந்து. எங்க சபைக் கமிட்டிச் செயலாளர். அவர் பேருக்குப் பின்னாடி ஜே.பி.ன்னு போட்டுக்குவார். ஏதோ பட்டம்னு நினைச்சுடாதீங்க. ஜெருசலேம் பில்கிரிம், அங்கே யாத்திரை போயிட்டு வந்தவர்னு அர்த்தம். மூணு தடவை ஆளுங்களைத் திரட்டிக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கார். வீட்டு வாசல் பலகையில ஜே.பி. பெருசா இருக்கும், ஞானாபரணம் சின்னதா இருக்கும்.

"ஸ்தேவான், என்ன சொல்லிட்டீங்க நீங்க?"

"என்ன அண்ணாச்சி சொன்னேன்?"

"யாரையும் துரத்தலைன்னு சொல்லிட்டீங்களே!"

"நான் எங்கே சொன்னேன்? அது ஒரு புரொபசர்."

"குரல் யாரோடது?"

"குரல் என்னோடது."

"அப்போ நீங்கதான் சொல்லியிருக்கீங்க."

அந்த வாரமே கமிட்டி கூடிச்சு. ஒன்பது பேர். படத்தை முழுசா பார்த்தது யார்னு ஆயர் கேட்டார். ஒருத்தரும் இல்ல. அண்ணாச்சி முதல் பத்து நிமிஷம் பார்த்தாராம், அதுக்குள்ள ரத்த அழுத்தம் ஏறிடுச்சாம். ஒருத்தர் சமையல் நிகழ்ச்சிக்கு மாத்திட்டாராம். இன்னொருத்தர் பார்த்தவர் ஒருத்தரைப் பார்த்தவராம். டைட்டஸ் மட்டும் பார்த்தேன்னான். என்னப்பா இருந்துச்சுன்னு கேட்டதுக்கு, "ஸ்தேவான் அண்ணன் குரல் இருந்துச்சு"ன்னான்.

நான் எந்திரிச்சு நின்னு கேட்டேன். "ஐயா, இருபத்தெட்டு வருஷமா முதலைக்கு நான் குரல் கொடுக்கிறேன். என்னை யாராவது ஆத்துல கொண்டுபோய் விட்டீங்களா? போன வருஷம் ஒரு பாம்புப் படம். அப்புறம்தானே ஆதாம் ஏவாள் பாடத்தையும் நானே வாசிச்சேன்? அப்போ யாரும் ஒண்ணும் சொல்லலையே?" ஆயர் சிரிச்சிட்டார் சார். அண்ணாச்சி சிரிக்கல.

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம் ஸ்தேவான். நான் ஜனங்களைக் கூட்டிட்டுப் போறேன். அங்கே பஸ்ல கைடு அழுதுகிட்டே சொல்லுவான், இந்த வழியாத்தான் விரட்டினாங்க, இந்தக் கல்லு மேலதான் உக்காந்து அழுதாங்கன்னு. கேட்டுட்டு நம்ம பொம்பளைங்களும் அழுவாங்க. இனிமே எவளாவது அழுவாளா? 'ஆதாரம் எங்கே'ன்னு கேப்பா!"

முடிவு என்னன்னா, நான் சபை முன்னாடி விளக்கம் கொடுக்கிற வரைக்கும் பாடம் வாசிக்கக் கூடாது. லெந்து நாள், அதான் ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம், ஆரம்பிச்சாச்சு. பெரிய வெள்ளிக்கு அஞ்சு வாரம் இருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை டைட்டஸ் ஏறி நின்னு வாசிச்சான். நான் நாலாவது பெஞ்சுல உக்காந்து கேட்டேன். ஒரு நிறுத்தம் கிடையாது, ஒரு ஏத்த இறக்கம் கிடையாது. என் எடத்தை விட்டு என்னைத் துரத்திட்டாங்க சார்! அந்த வலி துரத்தப்பட்டவனுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து மதலேன்கிட்ட இதையே சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அடுப்படிக்குப் போயிட்டா.

மதலேன் யாருன்னு சொல்லலையே. என் மனைவி. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் தொண்டையில ஒரு சின்னக் கட்டி. ஆபரேஷன் பண்ணிட்டு, பத்து நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுட்டார் டாக்டர். அந்த வார்டுல அவ நர்ஸ். பத்து நாளும் அவ பேசுவா, நான் தலையாட்டுவேன். குறுக்கே ஒரு சொல் பேசாம இவ்வளவு பொறுமையாக் கேக்கிற ஆம்பளையான்னு அவளுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு. பதினோராவது நாள் நான் வாயைத் திறந்தேன். அதுக்கப்புறம் அவ பேச்சு குறைஞ்சுபோச்சு. கல்யாணம்னா அப்படித்தானே சார்? அப்போ என்ன பேசினான்னு கேக்காதீங்க. எனக்கு அந்த நேரத்துல ஒரே கவலை, குரல் திரும்பி வருமா வராதா. வேற எது காதுல ஏறும்?

அவங்க குடும்பம் சிலோன்லேருந்து வந்தது. அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். ரெண்டு சர்க்காரும் உக்காந்து ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்குன்னு பிரிச்சு அனுப்பினாங்களே, அப்படி வந்தவங்க. அப்போ அவளுக்குப் பத்து வயசு. அதையெல்லாம் நான் கிளறினதே கிடையாது. மனசு கஷ்டப்படும்ல? எல்லாப் புருஷனும் இப்படிப் பார்த்து நடந்துக்குவானா சொல்லுங்க.

அந்த லெந்து நாள்லதான் இன்னொரு கூத்து. ஒரு வாசகர் வட்டத்துலேருந்து போன். கடவுள் இல்லைங்கிற கூட்டம். "மதவாதிகளை எதிர்த்து உண்மையைச் சொன்ன குரலுக்குப் பாராட்டு விழா"ன்னாங்க. பாராட்டு யார் பண்ணினா என்ன சார், போனேன். பொன்னாடை போர்த்தினாங்க. தலைவர் முக்கால் மணி நேரம் பேசினார். படத்தைப் பார்த்தீங்களான்னு மெல்லக் கேட்டேன். "உங்க துணிச்சலே எனக்குப் போதும்"னார். ஏற்புரைன்னு மைக்கைக் கையில கொடுத்துட்டாங்க. என்ன பேசறதுன்னு தெரியல. படத்தோட டப்பிங் ஸ்கிரிப்ட்ல முதல் பக்கம் ஞாபகம் இருந்துச்சு, அதையே பேசிட்டேன். ஒரே கைதட்டல். ஒரு இளவட்டம் எந்திரிச்சு, "ஐயா, உங்க கருத்துக்கு மூல ஆதாரம் எது?"ன்னு கேட்டான். "பதினாலாம் பக்கம்"னேன். அதுக்கும் கைதட்டினாங்க.

அந்தப் பொன்னாடைப் போட்டோ மறுநாளே சபை வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. அண்ணாச்சி கீழே ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார். "ஐயோ." நாப்பது பேர் அதுக்குக் கைகூப்பியிருந்தாங்க.

இந்தக் கலாட்டா நடக்கிறப்பல்லாம் வீட்ல ஒண்ணு நடந்துச்சு. மதலேன் அந்தப் படத்தைப் போன்ல பார்க்க ஆரம்பிச்சா. முழுப் படம். ஒரு தடவை இல்ல, மூணு நாலு தடவை. அடுப்படியில போனைச் சாய்ச்சு வச்சுக்கிட்டுப் பார்ப்பா. ஒரு எடம் வந்தா மட்டும் திரும்பத் திரும்ப வச்சுக் கேப்பா. என் குரல்ல புரொபசர் சொல்ற எடம். "போகாமல் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் மதம் மாறியிருக்கலாம். மொழி மாறியிருக்கலாம். பெயர் மாறியிருக்கலாம். ஆனால் அதே மண்ணில், அதே கிணற்றடியில் இருந்தார்கள்." நல்லா வந்திருக்கும் சார் அந்த எடம். 'கிணற்றடியில்'ங்கிறப்போ குரலை அப்படியே இறக்கியிருப்பேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டே கேட்டுட்டிருந்தா. முப்பத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் என் அருமை தெரிஞ்சுதேன்னு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு.

"அவ்வளவு நல்லா இருக்கா மதலேன்?"ன்னு கேட்டேன்.

"என்னங்க, இது நெசமா இருக்குமா?"ன்னு கேட்டா.

"குரல் நெசந்தான். எதிரொலி மட்டும் அவங்க சேர்த்தது"ன்னேன்.

மறுபடியும் அந்தப் பார்வை. காப்பி ஆறிப்போச்சுன்னு சொன்னேன், சுட வச்சுக் கொடுத்தா.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயந்திரம் விளக்கக் கூட்டம் வச்சாங்க. கோயிலை ஒட்டின மண்டபத்துல. முந்நூறு பேர் இருப்பாங்க, கிறிஸ்துமஸுக்குக்கூட அவ்வளவு வராது. நான் வாசிக்க வேண்டிய அறிக்கையை அண்ணாச்சியே எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஒரு ஜனம் முழுவதும் வேரோடு பிடுங்கி எறியப்பட்டதை நான் முழு இருதயத்தோடு விசுவாசிக்கிறேன், மறுக்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள், இப்படிப் போச்சு. எழுத்து சுமார்தான். ஆனா நான் வாசிச்சேன் பாருங்க. 'தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்'னு ஒரு வரி. அதை நிறுத்தி, மூச்சு இழுத்து, விட்டேன். மண்டபமே அழுதுச்சு. அண்ணாச்சி, தான் எழுதினதுக்குத் தானே அழுதார். டைட்டஸ் தலையைக் குனிஞ்சுட்டான். என் எடம் எனக்குத் திரும்பக் கிடைச்சிடுச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

கேள்வி இருந்தா கேக்கலாம்னார் ஆயர். ஒரு மரியாதைக்குச் சொல்றதுதானே? பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு கை. பார்த்தா மதலேன்.

முப்பது வருஷத்துல சபையில வாயைத் திறந்தவ இல்ல. எந்திரிச்சு நின்னு, "அண்ணாச்சி, துரத்துறதை நீங்க பார்த்திருக்கீங்களா?"ன்னு கேட்டா.

"அது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினதும்மா"ன்னார் அவர்.

"நான் பார்த்திருக்கேன். துரத்துறதுக்கு ஆதாரம் இருக்கும் அண்ணாச்சி. பேர் போட்ட அட்டை இருக்கும். குடும்பத்தோட உக்காரவச்சு எடுத்த போட்டோ இருக்கும். எங்க தோட்டத்துலேருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அழுகைக் கோச்சின்னே பேரு. ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் அழுவாங்க. எங்க அட்டையில ஆறு பேர். எங்க அக்காவுக்குப் பத்தொன்பது வயசாச்சுன்னு அவளுக்குக் குடியுரிமைக்குத் தனி மனு. எங்களுக்கு இந்தியான்னு வந்துச்சு, அவளுக்குச் சிலோன்னு வந்துச்சு. அட்டன் ஸ்டேஷன்ல பிளாட்பாரத்துல நின்னா. ரயில் நகர்ந்தப்போ கூடவே நடந்து வந்தா. பிளாட்பாரம் முடிஞ்சுது, நின்னுட்டா."

மண்டபத்துல சத்தமே இல்ல சார். நான் அழ வச்சப்போகூட அங்கங்கே மூக்கை உறிஞ்சிட்டிருந்தாங்க. இப்போ அதுவும் இல்ல. அவ குரல் ஒண்ணும் பிரமாதம் கிடையாது. ஒரே சுதி. சொல்லச் சொல்ல வேகமாப் போகுது. எங்கே நிறுத்தணும்னே தெரியல அவளுக்கு.

"மூணு வருஷம் கடுதாசி வந்துச்சு. அப்புறம் அங்கே ஒரு சிங்களக்காரரைக் கட்டிக்கிட்டான்னு வந்துச்சு. பேரை மாத்திக்கிட்டான்னு வந்துச்சு. கடைசியா வந்த கடுதாசி சிங்களத்துல இருந்துச்சு. அவ பிள்ளை எழுதியிருப்பா போல. வாசிக்க எங்ககிட்ட ஆளில்ல. முப்பத்தஞ்சு வருஷமா என் பெட்டியில இருக்கு. இந்தப் படத்துல ஒருத்தர் கேக்கிறார், போகாம நின்னவங்க என்ன ஆனாங்கன்னு. இத்தனை நாள்ல அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். நீங்க எல்லாரும் துரத்தப்பட்டவங்களுக்காக அழறீங்களே, உங்க பெஞ்சுலேயே முப்பது வருஷமா..."

இந்த எடத்துல நான் பார்த்தேன். அண்ணாச்சி முகம் மாறுது. ஆயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூட்டம் எங்கேயோ போயிட்டிருக்கு. வந்த விஷயம் எருசலேம், இவ அட்டன்ல நிக்கறா. நல்லவேளை, மைக் என் கையில இருந்துச்சு. "மதலேன், உக்காரு. கேள்வி படத்தைப் பத்தி மட்டும்தான்"னு சொன்னேன். கோவமாச் சொல்லல சார், நல்ல குரல்லதான் சொன்னேன். மண்டபம் பூரா கேட்டுச்சு. அவ இன்னும் என்னமோ சொன்னா, உதடு அசைஞ்சுது. மைக் இல்லாம என்ன கேக்கும்? "உக்காரு"ன்னு இன்னொரு தடவை சொன்னேன். உக்காந்துட்டா. ஆயர் முடிவு ஜெபம் பண்ணினார். கூட்டத்தைக் காப்பாத்திட்டேன்னு அண்ணாச்சி என் தோள்ல தட்டினார்.

வீட்டுக்கு வர்ற வழியில நானே பேச்சை எடுத்தேன். "உனக்கு ஒரு அக்கா இருந்ததே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" எவ்வளவு தன்மையாக் கேட்டிருக்கேன் பாருங்க.

"சொன்னேனே"ன்னா.

"எப்போ?"

"பத்து நாள் சொன்னேன். ஆஸ்பத்திரியில. நீங்க தலையாட்டினீங்க."

அதோட சரி. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. நான் கோயிலுக்குப் போயிட்டு ஓலையோட திரும்பி வந்தா, வீடு பூட்டியிருக்கு. சாவி பக்கத்து வீட்ல. அண்ணன் வீட்டுக்குப் போறதா சொல்லிட்டுப் போனாளாம்.

பெரிய வெள்ளிக்கு நான்தான் வாசிச்சேன். எப்படி வாசிச்சேன்னு என்கிட்ட கேக்காதீங்க, சபையில யார்கிட்ட வேணா கேளுங்க. ஆயர் மூணு நிமிஷம் பேசல. அண்ணாச்சி அதை ரெக்கார்டு பண்ணி, அடுத்த தடவை எருசலேம் பஸ்ல போடப்போறதாச் சொன்னார். எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. வாசிச்சு முடிச்சுத் தலையைத் தூக்கினா எப்பவும் மூணாவது பெஞ்சுல ஓரமா அவ உக்காந்திருப்பா. நான் பார்ப்பேன், அவ லேசாத் தலையாட்டுவா, நான் இறங்கிடுவேன். அன்னிக்கு அந்த எடத்துல யாரோ ஒரு அம்மா கைப்பையை வச்சிருந்தாங்க. நான் இறங்காம நின்னுட்டேன் சார். ரொம்ப நேரம் நின்னுட்டேனாம். ஆயர் வந்து கையைத் தொட்டார். எல்லாரும் அதுவும் வாசிப்புல சேர்த்திதான்னு நினைச்சுட்டாங்க.

இது என்ன ஊர், அரவேணுவா? அப்போ வந்தாச்சு. சொல்லி முடிச்சிடறேன்.

ஈஸ்டர் முடிஞ்சு போன் பண்ணினேன். அவ அண்ணன் சந்தியாகு எடுத்தார். டீ பேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நல்ல மனுஷன். போனை அவகிட்ட கொடுத்தார். "எப்போம்மா வர்றே?"ன்னு கேட்டேன். அவ கோவமாவே பேசல. அதான் பயமா இருந்துச்சு.

"எங்க அக்கா பேரு என்னன்னு சொல்லுங்க. நாளைக்கே வர்றேன்"ன்னா.

அவ்வளவுதான் கேட்டா. பத்து நாள்ல எத்தனையோ தடவை சொல்லியிருப்பாளாம். அன்னிக்குக் கூட்டத்துலயும் சொன்னாளாம், நான் மைக்ல 'உக்காரு'ன்னு சொன்னேனே, அப்போ. நான் யோசிச்சுப் பார்க்கிறேன் சார். பதினோரு நாளா இதே யோசனை. முதலைப் படத்துல மூணாவது காட்சி என்னன்னு கேளுங்க, சொல்றேன். ஒரு ஒட்டகச்சிவிங்கிக்கு அந்த டைரக்டர் வச்ச பேரைக் கேளுங்க, சொல்றேன். இது வரமாட்டேங்குது. ரகசியமா சந்தியாகுவைக் கேட்டேன். "அதை நான் சொன்னா எனக்கு இந்த வீட்ல சோறு கிடையாது மாப்ள"ன்னுட்டார். சவேரியம்மாளா? சூசையம்மாளா? எஸ்தாக்கியா? எதையாவது அடிச்சு விட்டு, தப்பாப் போயிட்டா?

என்ன சொன்னீங்க? மறந்துட்டேன்னு சொல்லிடறதா?

நேராவா? அவகிட்டயேவா? அது எப்படி... சரி, ஒரு தடவை பேசிப் பார்க்கிறேன், கேளுங்க. "மறந்துவிட்டேன், மதலேன்." எப்படி இருக்கு? ஏன் சார் தலையை ஆட்டறீங்க? முன்னாடி சீட்டு அம்மாகூடத் திரும்பிப் பார்க்கிறாங்க, நல்லா வந்ததுனாலதானே பார்க்கிறாங்க? இல்லையா? சரி, கொஞ்சம் இறக்கிப் பேசறேன். "மறந்துட்டேன் மதலேன்." இது? விளம்பரம் மாதிரி இருக்கா? என்ன சார் நீங்க, இருக்கிறதே இந்த ரெண்டு மூணு குரல்தான்.

பஸ் ஸ்டாண்டு வந்துடுச்சு. அந்தக் கடைக்கிட்ட பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு... அவதான் சார். சந்தியாகு சொல்லியிருப்பார் நான் வர்றேன்னு. வந்து நிக்கறா பாருங்க. இளைச்சிருக்கா. ஒவ்வொரு ஜன்னலாப் பார்க்கறா.

"மதலேன், நீ சொன்னே. நான் கேக்கல. உங்க அக்கா பேரு..."

பாருங்க, உடையுது. கீச்சுன்னு போகுது. முப்பத்திரண்டு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல. இந்தக் குரலை வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் வாயைத் திறக்க முடியுமா சார்?

என்னது? இதையேவா?

இந்த உடைஞ்ச குரல்லயேவா சொல்லச் சொல்றீங்க?

கண்டக்டர், விசில் அடிச்சிடாதீங்க. இருங்க, ஆள் இறங்கணும்.